மறுப்பாள் என்றேன்

நிரூபாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன்னையும் வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். மெல்பேர்ணில் வேலைக்கு விண்ணப்பித்து, சான்றுக்கு என் பெயரைக் கொடுத்ததாகவும் எழுதியிருக்கிறாய்.

வாஷிங்டனில் அந்த அரசு அலுவலகத்தில் ஒன்பது வருடம் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்தோம். ஒரு வெள்ளத்தில் இறந்தவர்களின் எண்ணிக்கையைக் குறைத்து எழுதும்படி மேலதிகாரிகள் சொன்னார்கள், நான் மறுத்தேன். அடுத்த வாரமே, ஆட்சிக்கு விசுவாசமில்லாத ஊழியர்களின் பெயர்களைக் கேட்டு எல்லோருக்கும் மின்னஞ்சல் வந்தது.

"நீ என்ரை பேரை எழுதினனியோ?" என்று உன்னிடம் கேட்டேன்.

"எனக்குப் பிள்ளையள் இருக்கினம்," என்றாய்.

மூன்றாம் நாள் காவலாளி என்னை வாசல்வரை கூட்டிப்போனார். நீ தலை நிமிரவில்லை.

இப்போது மெல்பேர்ணிலேயே, கிளேட்டன் பகுதியில் அக்கா வீட்டில் இருக்கிறேன். "அவளுக்காக நீ வாய் திறக்காதை," என்றார் அக்கா. ஆனாலும் நேற்று நீ விண்ணப்பித்த நிறுவனத்திலிருந்து அழைத்தபோது, நீ கெட்டிக்காரி, நேரம் தவறாதவள் என்றேன். அதெல்லாம் உண்மை. மேலதிகாரி பிழையான காரியத்தைச் செய்யச் சொன்னால் மறுப்பாளா என்று கடைசியில் கேட்டார்கள்.

மறுப்பாள் என்றேன்.

என் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளக்கூட நான் பொய் சொல்லவில்லை. உன் வேலைக்காகச் சொல்லிவிட்டேன். அது கிடைத்தால் எனக்கு அறிவிக்காதே.

ஒரு காலத்தில் உன் சிநேகிதியாக இருந்தவள்