அணை உடைவும் நடுவில் நிற்கும் நாடும்

புரட்டாதி 18, செவ்வாய்

மேகம். மழை இல்லை. கொட்டில் கூரைக்குக் கிடுகு மாற்ற நினைத்தேன், மாற்றவில்லை.

நாளை மறுநாள் ஒரு வெளிநாட்டுத் தூதுவர் வருகிறார், உடைந்த அணையைப் பார்க்க. அது அடைபடாவிட்டால் மாரியில் வாவியின் உப்புத் தண்ணீர் வயல் வட்டைக்குள் ஏறும், பயிர் உப்பில் கருகும். போன போகம் அப்படித்தான் போனது. அவருடைய நாடு பெரிதும் இல்லை, சிறிதும் இல்லையாம். அணைக்குக் காசு கொடுக்கும் உலகச் சபையில் அதற்கும் உட்கார ஒரு கதிரை.

வயல் காரியம் பார்க்கும் வட்டைவிதானை என்னைப் பேசச் சொன்னார். "உன்ன விட்டா கதை சொல்ல ஆரு? ஆனா அஞ்சு நிமிசம்தான், கேட்டியா?"

வியாழன்

கடும் வெயில். வந்தார். தேத்தண்ணீருக்குச் சீனி வேண்டாமாம். சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினார். பிடித்தது.

எழுந்தேன். அணையைச் சொல்வதென்றால் அதைக் கட்டிய காலத்தைச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால், அப்போது சேற்றில் புதைந்த எருமையையும் சொல்ல வேண்டும். யாருடைய எருமை என்று பெரிய வழக்கு. எல்லோரும் சிரித்தார்கள். மொழிபெயர்த்தவள் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்த பிள்ளை. மணிக்கூட்டைக் காட்டினாள்.

"ஐயா, அணையச் சொல்லுங்க."

"வாறன் மகள், வாறன்."

எருமை வெளியே வரவில்லை. நேரம் முடிந்தது.

விதானை: "எருமை பாக்கவா அந்த மனுசன் வந்தவர்?"

வாகனத்தடிக்கு ஓடினேன். மழைக்கு முன் அணை வேண்டும் என்றேன். பிள்ளை அவர் பதிலைச் சொன்னாள்: "தங்கட நாடு தனியச் சொன்னா நடக்காதாம் ஐயா. பெரிய நாடுகள் ரெண்டு பக்கமா நிக்குதாம். நடுவில நிண்டு எல்லாரையும் சம்மதிக்க வைக்கணுமாம். வாற கூட்டத்தில கதைப்பாராம்."

நல்ல மனிதர். அதுதான் எரிச்சல். இரண்டு மச்சான்மாரின் வேலிச் சண்டையில் நடுவில் நின்றவன் நான். இருவரும் வெற்றிலை தந்தார்கள். வேலி இன்னும் அப்படியே.

ஐப்பசி 2

புழுக்கம். மனைவி மூன்றாம் தரம்: "விதைக்கிறதா, விடுறதா? வாயத் திறங்க."

மொழிபெயர்த்த பிள்ளைக்குப் போன் எடுத்தேன்.

"கூட்டம் முடிஞ்சுதாம் ஐயா. தீர்மானத்தில ஒரு வரிய மாத்தவே ரெண்டு நாள் போச்சாம். நம்மட அணை அடுத்த வருசக் கூட்டத்துக்காம்."

"அவர் கதைச்சாரா?"

"கதைச்சாராம். ஒருத்தரையும் பகைக்காமக் கதைச்சாராம்."

"பகைச்சாலும் பரவாயில்ல எண்டு சொல்லு மகள்!"

போனை வைத்துவிட்டேன். அவளை ஏன் ஏசினேன்?

ஐப்பசி 4

தூறல். விடிய எழும்பினால் விதைநெல் ஊறுகிறது. மனைவி என்னைக் கேட்கவே இல்லை. ஊறிய நெல்லை இரண்டு நாளில் விதைத்தாக வேண்டும்.

உரப் பையில் மண் நிரப்பி எல்லோரும் அணைக்கு. விதானை ஏசிக்கொண்டே சுமந்தார். உடைவு பதினெட்டு முழம். இன்று மூன்று முழம் அடைத்தோம்.