அண்ணி வந்தால் மட்டும் வேலை செய்யும் வைஃபை

மார்ச் 3, செவ்வாய்

இன்றைக்கும் அதே கதை. என் பிள்ளை வாலு தூங்கியதும் மடிக்கணினியை அலமாரி மேலிருந்து இறக்கினேன் (அவன் கைக்கு எட்டினால் பொத்தானைப் பிடுங்குகிறான். 'எம்' ஏற்கெனவே போயிற்று). பள்ளிக்கூடப் பிள்ளைகளின் படங்களில் ஒரு வகுப்பு முழுக்கத் திருத்தி, அண்ணியின் ஸ்டுடியோ பகிர்வுக் கோப்புறைக்கு அனுப்பத் தொடங்கினேன். பாதி போகும்போது மேல் மூலையில் வைஃபை குறி மங்கியது. அப்புறம் ஆளையே காணோம்.

அண்ணிக்கு போன் செய்தேன். என் கணவருக்கு அக்கா, எனக்கு இப்போது முதலாளி.

"அதென்னம்மா தினமும் உன் வீட்டுல மட்டும் கட்டாகுது? அடுத்த வியாழக்கிழமை அச்சுக்குப் போகணும். முடியலைன்னா சொல்லிடு, வேற ஆள் பாத்துக்கறேன். வீட்டுல சும்மாதானே இருக்கே?"

பிள்ளை பிறந்த பிறகு எனக்குக் கிடைத்த முதல் வேலை. அதையும் இந்தப் பெட்டி தின்றுவிடும் போலிருக்கிறது.

மார்ச் 4, புதன்

கணினியை அணைத்துப் போட்டேன். ரௌட்டரை அணைத்துப் போட்டேன். பிறகு உட்கார்ந்து அழுதேன். மூன்று வைத்தியமும் பலிக்கவில்லை.

மார்ச் 5, வியாழன்

இந்தக் கணினியில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தது கொழுந்தன். "வைரஸே வராது" என்றான். வரவில்லைதான். வைஃபையும் வரவில்லை.

இணையத்தில் கேட்டேன். ஒருவர் வைஃபையின் மின்சேமிப்பை அணைக்கச் சொன்னார். அணைத்தேன். இன்னொருவர் வைஃபையை இயக்கும் மென்பொருளை, டிரைவரை, மாற்றச் சொன்னார். மாற்றினேன் — இருந்ததும் போயிற்று. பழையதைத் திரும்பப் போடுவதற்குள் ஒரு முழுத் தூக்கம் போய்விட்டது. என் தூக்கமில்லை, அவனுடையது. மூன்றாமவர் 'கணினி எழுதிவைக்கும் பதிவைப் பார்' என்றார். கறுப்புத் திரையில் வரி வரியாக ஓடியது. இணைப்பு துண்டிக்கப்பட்டது, காரணம் 4. நாலு என்றால் என்ன என்று தேடினேன். 'செயல்பாடு இல்லாததால்' என்று இருந்தது.

அதாவது நான் சும்மா இருந்தேனாம். நீயுமா?

இத்தனைக்கும் ஒரு கண் படத்தில், ஒரு கண் பேபி மானிட்டரின் குட்டித் திரையில். எட்டாம் மாதம் காய்ச்சலில் அவனுக்கு வலிப்பு வந்ததே, அன்றிலிருந்து தூங்கும்போது அவன் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் எனக்கு. பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குப் போய்விட்டார். நான்தானே இங்கே இருக்கிறேன்.

மார்ச் 8, ஞாயிறு

அண்ணியே வந்துவிட்டார். வந்ததும் வாலுவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "வாடா தடியா, அத்தைகிட்ட வா. உங்கம்மா என்ன பண்றான்னு பாப்போம்." என்னிடம், "எங்கே, அனுப்பு."

அனுப்பினேன். முடித்து வைத்திருந்த படங்களெல்லாம் மடை திறந்த மாதிரி போயின. ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. நின்று தொலையேன் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன்.

"நல்லாத்தானே போகுது?"

"இப்ப போகுது அண்ணி. தினமும்..."

"என்னைப் பாத்து உன் கம்ப்யூட்டருக்கும் பயமா?" என்று சிரித்தார். கிளம்பும்போது சிரிப்பு இல்லை. "முடியலைன்னா முடியலைன்னு சொல்லு. பொய் மட்டும் வேணாம்மா."

பொய்.



மார்ச் 9, திங்கள்

அவன் தூங்கினான். அனுப்பினேன். கட்.

இவர் காலுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "அப்போ அக்காவையே கூட்டிட்டு வந்து பக்கத்துல உக்கார வெச்சுக்கோ." சொன்னவர் அப்படியே தூங்கியும் போனார். இன்னும் மூன்று வகுப்பு பாக்கி.

மார்ச் 10, செவ்வாய்

அவர் விளையாட்டாகச் சொன்னது காலையிலிருந்து மண்டைக்குள் குடைந்தது. ஞாயிற்றுக்கிழமை இருந்தது எது இன்றைக்கு இல்லை? அதே நாற்காலி. அதே மேசை. அன்றைக்கு ஜன்னல் திரை விலகியிருந்தது. பைத்தியக்காரி மாதிரி அதையும் விலக்கிப் பார்த்தேன். வாலுதான் அன்றைக்கு அண்ணி இடுப்பில் இருந்தான், இன்றைக்குக் கட்டிலில். இடுப்பில் இருப்பவனை எதற்குத் திரையில் பார்க்க வேண்டும்? அணைத்து வைத்திருந்தேன்.

என் கண் அந்தக் குட்டித் திரைக்குப் போயிற்று.

அணைத்தேன். வைஃபை திரும்பி வந்தது. அனுப்பிய படம் போய்ச் சேர்ந்தது. போட்டேன் — நின்றது. அவன் எழுந்த பிறகு, கட்டிலருகே இருக்கும் மானிட்டர் கேமராவை வேறு மூலைக்கு மாற்றினேன். அப்படியும் நின்றது. எதை எதையோ சந்தேகப்பட்டேன், இதைத் தொடத் தோன்றவே இல்லை. இது பிள்ளையின் சாமான், கணினிச் சாமான் இல்லையே.

இவருக்கு போன் செய்தேன். "ரெண்டும் ஒரே அலைவரிசையா இருக்கும், மோதிக்குது. உன் பழைய கம்ப்யூட்டருக்கு வேற அலைவரிசை தெரியாது. சனிக்கிழமை ரௌட்டர்லேர்ந்து நேரா இழுக்கக் கேபிள் வாங்கிட்டு வரேன்."

அச்சு வியாழக்கிழமை.

அண்ணியிடமும் சொன்னேன். "குழந்தையைப் பாக்குற மானிட்டரா?" "புதுசு புதுசா சொல்றே."

எட்டிப் பார்க்கலாமென்றால் அறைக்கதவு கிறீச்சிடும், எழுந்துவிடுவான். உள்ளேயே உட்கார்ந்து வேலை செய்யலாமென்றால் இந்தக் கணினியின் விசிறி மாவு மில் மாதிரி இரையும். காரணம் கண்டுபிடித்து என்ன? அவனைப் பார்த்தால் வேலை போகும். வேலையைப் பார்த்தால் — எழுதக்கூடப் பயமாக இருக்கிறது.

மார்ச் 11, புதன்

அணைத்தேன்.

காது முழுக்கக் கதவில். கை தானாகவே குட்டித் திரைக்குப் போகிறது, இழுத்துக்கொள்கிறேன். கடைசி வகுப்பில் மூன்றாவது வரிசைச் சிறுமி கண்ணை மூடியிருந்தாள். இன்னொரு படத்திலிருந்து அவள் கண்ணை எடுத்து வைத்தேன். கோணலாகப் போயிற்று, மறுபடி வைத்தேன். முடிக்க முடிக்க ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டே இருந்தது. கடைசிப் படம் போனதுதான் தாமதம், ஓடினேன். கதவு கத்தியது.

அவன் விழித்து உட்கார்ந்திருந்தான். தன் காலை இரண்டு கையாலும் பிடித்து அதனிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். வந்துட்டியா என்பது போல. மறுபடி காலிடமே பேசப் போய்விட்டான்.

எப்போது எழுந்தானோ! எனக்குத் தெரியாமல் அவன் இருந்தது இதுதான் முதல் தடவை. நன்றாகத்தான் இருந்திருக்கிறான்.

அண்ணியிடமிருந்து: "எல்லாம் வந்துடுச்சு. மூணாவது வரிசைக் கண்ணு நல்லா வெச்சிருக்கே." அவ்வளவுதான். பொய் என்ற வார்த்தையை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

அடுத்த பள்ளிக்கூடத்துப் படங்கள் வந்திருக்கின்றன. இவர் வாங்கிவந்த கேபிள் பிரிக்காமல் கிடக்கிறது. எப்படி இழுத்துப் போட்டாலும் வாலு வாயில் வைப்பான். மதியம் இரண்டு வகுப்பு அனுப்பினேன்.

இதை எழுத உட்கார்ந்தபோதுதான் பார்க்கிறேன். குட்டித் திரை மதியத்திலிருந்து அணைந்தே இருக்கிறது. அணைத்தது நான். திரும்பப் போட மறந்ததும் நான்தான். எழுந்து கதவு வரை போய்விட்டேன், பிடியில் கைகூட வைத்துவிட்டேன். உள்ளே லேசாக அவனுடைய குறட்டை. அப்படியே திரும்பி வந்தேன்.

நாளைக்கு அந்தக் கதவுக் கீலுக்குக் கொஞ்சம் எண்ணெய் விட வேண்டும்.