ரூத்துக்குப் பக்கத்தில்

மயிலாப்பூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்புத் தங்கை ஷீலாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பொய் எழுத வரவில்லை. போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால்தான் இந்தக் கடிதம். மாப்பிள்ளைக்குச் சர்க்கரை இறங்கியதா?

உன் அத்தான் எங்கள் கல்லறையைத் தானம் கொடுத்துவிட்டார். ஆமாம், என் குழந்தை ரூத் படுத்திருக்கிற கல்லறையைத்தான்.

நம் சபைக் கோவிலைப் பெருக்குகிற சொர்ணத்தை உனக்கு நினைவிருக்கும். கோட்டூர்புரம் ஆற்றோரக் குடிசைகளை இடித்துத் தொலைவிலே பெரும்பாக்கத்துக்கு மாற்றின பிறகும் இரண்டு பஸ் மாறி ஞாயிறு தவறாமல் வருவாளே, அவள்தான். போன வியாழன் மாரடைப்பில் போய்விட்டாள். ஞானஸ்நானம் எடுத்தவள் என்று சொந்தக்காரர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். கல்லறைத் தோட்டத்தில் புதுக் குழிக்கு இடமில்லை என்று கமிட்டியும் கைவிரித்தது. உடனே இவர் எழுந்து, எங்கள் குடும்பக் கல்லறையைத் திறங்கள் என்று சொல்லியிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடக்க ஆராதனையில் ஆயர் அறிவித்தபோதுதான் எனக்கே தெரியும்.

ஒருமுறை திறந்தால் பதினான்கு வருடம் மறுபடி திறக்கமாட்டார்கள். எனக்கு எழுபது தாண்டிவிட்டது, இதயத்தில் ஸ்டென்ட் வேறு. மூன்று மாதக் குழந்தையாகப் போனவள் பக்கத்தில் செத்தாவது படுப்பேன் என்றுதானே இத்தனை வருடம் இருந்தேன்? அது இவருக்குத் தெரியாதா? கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்துவிட்டார். பிள்ளையார் பழமொழி என்று சிரிக்காதே, இதற்கு வேதத்தில் வசனம் இல்லை.

வீட்டுக்கு வந்து கத்தினேன். அரிமத்தியா யோசேப்பு தன் கல்லறையை இயேசுவுக்குக் கொடுக்கவில்லையா என்கிறார். அவனுக்கு மூன்றாம் நாளே திரும்பக் கிடைத்துவிட்டது, எனக்கு யார் திருப்பித் தருவார் என்றேன். அதற்கு அவர், மிச்சம் மீதியைக் கொடுப்பதா கொடை, லீலா, நானும் அங்கேதான் படுக்க ஆசைப்பட்டேன் என்றார்.

நேற்று கோபம் ஆறாமல் தனியாகக் கல்லறைக்குப் போனேன். ஆட்டோ ஓட்டுகிற செம்பியன், சொர்ணத்தின் மகன், அங்கே இருந்தான். தன் அம்மாவின் மண்மேட்டில் இன்னும் ஒரு பூகூட வைக்கவில்லை. பாசி பிடித்த ரூத்தின் கல்லைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். "அழாதம்மா, பாப்பா இனிமே தனியா இல்ல. எங்கம்மா பக்கத்துலயே கீது, பாத்துக்கும்" என்றான்.

மழை பெய்யும் இரவெல்லாம் பிள்ளை தனியாகக் கிடக்கிறாளே என்று நான் துடித்தது உனக்குத் தெரியும், ஷீலா. அவன் கல்லைக் கழுவி முடிக்கும்வரை அங்கேயே நின்றுவிட்டு வந்தேன்.

இவரோடு இன்னும் பேசவில்லை. காபியை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறேன். கொடுத்தது அவர்தான், எனக்கு இன்னும் மனம் வரவில்லை. எனக்காக ஜெபம் பண்ணு.

எனக்கு ஏதாவது ஆனால் எங்கே அடக்கம் பண்ணுவது என்று அத்தானோடு நீ சண்டை போடாதே. எங்கே வைத்தாலும் சரி. ஒன்று மட்டும் அவரிடம் நீயே சொல்லிவிடு, என் வாயால் சொல்ல முடியாது. ரூத்தின் பெயருக்குக் கீழே கல்லில் எனக்கென்று இடம் விட்டுவைத்திருக்கிறதே, அதில் சொர்ணத்தின் பெயரை வெட்டச் சொல்.

கர்த்தர் உன்னையும் உன் பிள்ளைகளையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும்.

அன்பு அக்கா,
லீலா ரத்னபாய்