பதில் சொல்லாத பெட்டி

நாள் 143, 09:10
நிலவின் தென்முனை, பனித்துளைப்பு நிலையம். ஆட்கள் இருவர். நான் மங்கையர்க்கரசி, கணினியும் கருவிகளும் என் பொறுப்பு. துளைப்பு அறையில் கலியபெருமாள், நெய்வேலிக்காரர், சுரங்கத்திலேயே தலை நரைத்தவர். துளை 61 மீட்டர். உப்புமா வழக்கம்போல் களிமண்.
நேற்று ஆயுத பூஜை. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் மூடியின் ஓரத்தில் பார்த்துப் பார்த்துச் சந்தனம் வைத்தார். நிலவுக்கு வந்தும் இதை விடமாட்டீர்களா என்று கேலி செய்தேன். முகம் வாடிவிட்டது. சமாதானத்துக்காகக் காற்று வால்வுப் பெட்டிக்கு நானே கட்டைவிரலால் ஒரு பொட்டு அப்பினேன்.

11:40
சூரியப் புயல். முதன்மைக் கணினி கருகிவிட்டது. துளைப்பு அறைக்குப் போகும் காற்று வால்வு தானாக மூடிக்கொண்டது, இடைக்கதவும் பூட்டிக்கொண்டது. அங்கே காற்று சீரானால்தான் கதவு திறக்கும். அவரிடம் நான்கு மணி நேரக் காற்று இருக்கிறது. 15:40 வரை.
அவருடைய ரேடியோவில் பாட்டரி குறைவு. மணிக்கு ஒருமுறை மட்டும் பேசச் சொல்லியிருக்கிறேன். மற்ற நேரம் அணைத்து வைப்பார்.
வால்வுப் பெட்டி என் பக்கத்தில்தான் இருக்கிறது. பழங்காலத்து ஆசாமி, ஒன்பது துளை சீரியல் போர்ட் வழியாக மட்டுமே பேசும். என் லேப்டாப்பில் அந்தப் போர்ட் இல்லை. உதிரிப் பாகங்களில் ஒரு சீரியல் கார்டு இருந்தே ஆக வேண்டும்.

12:20
கிடைத்தது. லேப்டாப்பை அணைத்து, பக்கவாட்டு இடுக்கில் செருகி, மறுபடி போட்டேன். கார்டு இருப்பதாகவே லேப்டாப்புக்குத் தெரியவில்லை. அதை இயக்கும் மென்பொருள், டிரைவர், வேண்டுமாம்.

12:55
டிரைவரைப் பழைய கோப்புகளில் தோண்டி எடுத்தேன். நிறுவியதும் கார்டின் போர்ட் எண் காம் 3 என்று காட்டியது, உடனே மஞ்சள் எச்சரிக்கை. உள்ளே இருக்கும் மோடம் அதே இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. மோடத்தை முடக்கிவிட்டுக் கார்டை காம் 4க்கு மாற்றினேன். எச்சரிக்கை போய்விட்டது.

13:20
கார்டு நல்லதா என்று பார்க்க, கேபிள் முனையில் இரண்டாவது கம்பியையும் மூன்றாவதையும் என் ஹேர்பின்னால் இணைத்தேன். அனுப்பியது அப்படியே திரும்பி வந்தது. கார்டும் கேபிளும் சுத்தம்.
பெட்டியோடு பேசும் வேகம் 9600, எட்டு பிட், பாரிட்டி என்ற பிழைச் சோதனை இல்லை. பெட்டியின் மேலேயே அச்சடித்திருக்கிறது.

13:50
வால்வுக்குக் கட்டளை ஒன்றுதான். வால்வு மூடியிருந்தால் திறக்கும், திறந்திருந்தால் மூடும். செய்து முடித்ததும் பெட்டி பதில் சொல்லும்.
அனுப்பினேன். பதில் இல்லை. மறுபடி அனுப்பினேன். இல்லை. பெட்டி செத்துவிட்டதா?

14:00
அவர் குரல்:
“மேடம், காத்து கொஞ்ச நேரம் வந்துச்சு. மூஞ்சில பட்டுச்சு. அப்புறம் நின்னுடுச்சு.”
காற்று குறையும்போது மூளை இப்படித்தான் ஏமாற்றும். பயிற்சியில் படித்தது. படுத்துக்கொள்ளுங்கள், பேச வேண்டாம் என்றேன்.

14:52
கார்டைக் கழற்றி மறுபடி செருகினேன். டிரைவரை அழித்து மறுபடி நிறுவினேன். ஒரு மணி நேரம் போய்விட்டது. மூன்றாவது முறை கட்டளை அனுப்பினேன். பதில் இல்லை. மேசையை ஓங்கிக் குத்தினேன். விரல் வீங்கிவிட்டது.

15:00
“இப்ப வருது மேடம். நல்லா வருது. கைய வச்சுப் பாத்துட்டேன். நீங்க எதையும் தொடாதீங்க.”
அவ்வளவுதான், அணைத்துவிட்டார். குரலில் அத்தனை சந்தோஷம். பாவம், பிரமை முற்றிவிட்டது.

15:04
நான்காவது முறை. பதில் இல்லை. கடவுளே.

15:45
அழுதேன். கார்டைக் கழற்றினேன், போட்டேன். வேறு வேகங்கள், வேறு அமைப்புகள். எதற்கும் அசையவில்லை.

16:00
ரேடியோவில் அவர் வரவில்லை.

16:03
வரவில்லை.

16:25
கேபிளைப் பிடுங்கி, பெட்டியின் போர்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டாவது துளை அடைத்திருக்கிறது. மஞ்சளாக, காய்ந்து. பெட்டி பதில் அனுப்பும் துளை அது.
சந்தனம்.
அவர் வைத்ததெல்லாம் மூடியின் ஓரத்தில். இது என் கட்டைவிரல்.
நான் சொன்னதெல்லாம் பெட்டிக்குக் கேட்டிருக்கிறது. அது சொன்னதுதான் எனக்குக் கேட்கவில்லை.

16:38
ஹேர்பின்னால் சுரண்டி எடுத்தேன். கடைசியாகச் செய்த வேலைகளைக் கேட்டேன். உடனே சொல்லிவிட்டது:

13:44 திறந்தது
13:49 மூடியது
14:51 திறந்தது
15:03 மூடியது

15:03. கையை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். தொடாதீர்கள் என்று சொன்னார். நான் அவரை நம்பவில்லை.

16:39
அனுப்பினேன். ‘திறந்தது’ என்று பதில் வந்தது. இனி எதையும் தொடமாட்டேன். கலியபெருமாள், தொடமாட்டேன்.

17:00
ரேடியோவைக் காதோடு வைத்திருக்கிறேன். இரைச்சல் மட்டும்.

17:06
இடைக்கதவில் பச்சை விளக்கு. காற்று சீராகிவிட்டது. தள்ளினால் திறக்கும்.

17:19
விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. கதவு ஆறு அடி தூரத்தில். நான் இன்னும் உட்கார்ந்து எழுதிக்கொண்டு