இரண்டரை மணி நேரத்து ஊர்

ஜூன் 3

சின்னுவுக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்கும் மனநிலையில் இல்லை. நீ அனுப்பிய விமான டிக்கெட்டை அப்படியே திருப்பி அனுப்புகிறேன். உன் ஊருக்கு நான் வரவில்லை.

முப்பத்தோரு வருடம் பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்தவன் டிக்கெட்டில் முதலில் எதைப் பார்ப்பான்? புறப்பாடு காலை 9.10. சேர்வது 11.40. இரண்டரை மணி நேரம்! நம் அணைக்கட்டு பஸ்ஸுக்கே மூன்று மணி நேரம் ஆகும், அதுவும் பஞ்சர் ஆகாமல் இருந்தால்.

மூன்று வருடத்துக்கு முன் அம்மாவுக்கு முடியவில்லை என்று காலை பத்து மணிக்கு உனக்குப் போன் செய்தேன். நீ வாசலில் வந்து நின்றது மறுநாள் மதியம் ஒன்றரைக்கு. அம்மா காலை எட்டு மணிக்கே போய்விட்டாள். "ரொம்ப தூரம்ப்பா, நான் என்ன செய்வேன்" என்று அழுதாய். நானும் நம்பித் தொலைத்தேன். வயிறு எரிகிறது.

கடைசி மூச்சு வரை "எங்க வந்துட்டிருக்கா, எங்க வந்துட்டிருக்கா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "பாதி வழி வந்துட்டா, இதோ வந்துருவா" என்றேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவளிடம் நான் சொன்ன ஒரே பொய் அது. உன்னால்தான் சொன்னேன்.

அப்பா

ஜூன் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன், அப்புறம் சிரித்தேன், மறுபடி அழுதேன். உங்கள் மாப்பிள்ளை பயந்தே போய்விட்டார்.

டிக்கெட்டின் பின்பக்கம் பார்த்தீர்களா? திரும்பும் பயணம் அங்கே இருக்கிறது. இங்கே இரவு 10.30க்குப் புறப்பட்டு, அங்கே மறுநாள் பகல் 12.00. உங்கள் கணக்குப்படி பதின்மூன்றரை மணி நேரம். வர இரண்டரை, போகப் பதின்மூன்றரையா? நடுவில் எங்கே நிறுத்தி டீ குடிக்கிறான்?

டிக்கெட்டில் புறப்படுவது புறப்படும் ஊர் நேரம், சேர்வது சேரும் ஊர் நேரம் அப்பா. நடுவில் ஐந்தரை மணி நேர வித்தியாசம், இங்கே மணி பின்னால். தூரம் ஆறாயிரத்து அறுநூறு கிலோமீட்டர்.

அன்றைக்கும் நான் வந்தது இதே இரவு விமானம்தான். ஒரு நாளைக்கு ஒன்றுதான் உண்டு. உங்கள் போன் வந்தபோது இங்கே பொழுது விடியவில்லை. நேரே விமான நிலையத்துக்கு ஓடி, நாள் முழுக்க இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அம்மா போன வீட்டில் வந்து என் கஷ்டத்தை எப்படிச் சொல்வேன்?

டிக்கெட்டை மறுபடி அனுப்புகிறேன். திட்டுவதாக இருந்தால் நேரில் வந்து திட்டுங்கள்.

உங்கள் சின்னு

ஜூன் 25

என் கண்ணு சின்னுவுக்கு,

பின்பக்கத்தை நான் பார்க்கவே இல்லை. பஸ் டிக்கெட்டின் பின்னால் விளம்பரம்தானே இருக்கும்? உங்கள் ஊர் மணி வேறு என்று எனக்கும் தெரியும். ஆனால் ஒரே டிக்கெட்டில் இரண்டு கடிகாரத்தை ஓட்டுவான் என்று யார் கண்டது? எங்கள் டிப்போவில் நான் இப்படி எழுதியிருந்தால் அன்றைக்கே சீட்டைக் கிழித்திருப்பார்கள்.

இரண்டையும் கூட்டினேன். பதினாறு. அதில் பாதி எட்டு. வர எட்டு, போக எட்டு. சரிதான்.

அப்புறம் அந்த நாளையும் கணக்குப் போட்டேன். பகல் பன்னிரண்டுக்கு இறங்கினாய் என்றால், நம் நேரப்படி விடிகாலை நாலு மணிக்கு விமானம் கிளம்பியிருக்கிறது. அம்மா கண்ணை மூடியது எட்டு மணிக்கு. நாலிலிருந்து எட்டு, எட்டிலிருந்து பன்னிரண்டு. மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், மாறவில்லை. அப்போது நீ சரியாகப் பாதி வழி வந்திருந்தாய்.

நான் அவளிடம் பொய் சொல்லவில்லை சின்னு.

மூன்று வருடத்துக்குப் பிறகு நேற்றுதான் நன்றாகத் தூங்கினேன். எழுதியதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாதே. பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்துவிட்டேன். 11.40க்கு வந்துவிடுவேன், உங்கள் ஊர் நேரப்படி. மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா.

உன் அப்பா