இன்னாசி கேட்டது

3 பிப்ரவரி 1958, திங்கள்

மகன் இறந்த செய்தியை நான் கண் கலங்காமல் வாசித்தேன் என்று கோயில் தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அது சரி. அந்தக் கடிதத்தில் இருந்த பிழைகளைப் பேனா எடுத்துத் திருத்தினேன் என்றும் சேர்த்துச் சொல்கிறார்களாம். அது பொய். ஓரிடத்தில் காற்புள்ளி விடுபட்டிருந்தது. பார்த்தேன். திருத்தவில்லை.

மருமகள் டோரத்தி இங்கிலாந்திலிருந்து எழுதியது, ஒன்றரைப் பக்கம். இக்னேஷியஸ் ஜனவரி ஒன்பதாம் தேதி இறந்துவிட்டான். மூளையில் கட்டி. வயது முப்பத்தாறு. இரண்டு முறை வாசித்துவிட்டு மடித்தேன். நாத்தனார் ஆரோக்கியம்மாள் ஈரக்கையோடு வந்து நின்றாள்.

“என்ன அண்ணி எழுதியிருக்கு? வாசிச்சுட்டுச் சும்மா இருக்கீங்க?”

“இக்னேஷியஸ் காலமானான்” என்றேன்.

“யாரு?”

“இக்னேஷியஸ்.”

“நம்ம இன்னாசியா அண்ணி?”

அவள் தரையில் விழுந்து போட்ட சத்தத்தில்தான் தெருவுக்குத் தெரிந்தது.

5 பிப்ரவரி

முப்பது வருடமாக ஆங்கிலத்தில்தான் நாட்குறிப்பு எழுதி வந்தேன். கடிதம் வந்த அன்றும் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினேன். பிழையில்லாத வரி. அதற்குப் பிறகு எழுத ஒன்றும் வரவில்லை. வரி முடிந்துபோயிருந்தது.

அந்த மொழியை நான் பெஞ்சில் உட்கார்ந்து கற்றேன். அதில் யாரும் என்னை மடியில் போட்டுச் சமாதானம் செய்ததில்லை. கன்னியர் பள்ளியில் அழுதுகொண்டு போனால், “முகம் கழுவிவிட்டு வா, பிறகு சொல்” என்பார்கள். கழுவி முடிப்பதற்குள் சொல்ல வேண்டியது போய்விடும்.

ஆகவே தமிழில் எழுதிப் பார்க்கிறேன். ளகரமும் லகரமும் இடம் மாறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இந்த வயதில் இப்படி ஒரு பயம்.

11 பிப்ரவரி

டோரத்தியின் இரண்டாவது கடிதம்.

கடைசிப் பதினோரு நாள் அவன் ஓர் ஆங்கிலச் சொல்கூடப் பேசவில்லையாம். நர்ஸ் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் விழித்துப் பார்ப்பானாம். “உங்கள் மொழியில் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்ப்பார். எதற்கோ காத்திருந்தார். எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. காதில் விழுந்தபடி கீழே எழுதியிருக்கிறேன். தயவுசெய்து பொருள் சொல்லுங்கள்.”

ஆங்கில எழுத்தில் இருந்ததை வாய்விட்டுப் படித்தேன். ஓணான் எங்க. பெரும்பாலும் அதுதான் என்கிறாள். இரண்டொரு தடவை மட்டும், வேலி எங்க.

ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரியும். பொருள் தெரியவில்லை. எங்கே என்று சொல்ல வராதா அவனுக்கு? எங்க என்கிறான். என் வீட்டில் வளர்ந்த பிள்ளை.

13 பிப்ரவரி

யோசித்துத் தெளிந்தேன். நம் வீட்டுப் பின்புறம் கிளுவை வேலி. அதில் ஓணான் எப்போதும் உண்டு. பிள்ளைகள் கல்லெறியும். ஆக, அவன் நினைவு வீட்டுத் தோட்டத்தில் இருந்திருக்கிறது. தன் வீட்டுத் தோட்டத்தையும் தாயையும் கேட்டிருக்கிறான் என்று டோரத்திக்கு எழுதி இன்றே தபாலில் சேர்த்தேன்.

தாய் என்ற சொல் அவன் சொன்னதில் இல்லைதான். ஆனால் பொருள் சொல்பவர் விளங்கும்படி சொல்ல வேண்டாமா? இந்த ஊரில் ஆங்கிலக் காகிதம் யாருக்கு வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். இன்றுவரை ஒருவரும் தப்பு என்று திரும்பி வந்ததில்லை.

14 பிப்ரவரி

வயிறு நிறையச் சாப்பிட்டேன். ஆரோக்கியம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

6 மார்ச், வியாழன்

டோரத்தி பதில் எழுதியிருக்கிறாள். என் கடிதத்தைத் தலைமாட்டில் வைத்திருக்கிறாளாம். “அவர் வீட்டுத் தோட்டத்தையும் தாயையும் கேட்டார்” என்ற வரியையே கல்லறைக் கல்லில் வெட்டப் போகிறாள். ஈஸ்டர் கழிந்ததும் வேலை தொடங்குமாம். வரியில் பிழை இருந்தால் திருத்தி அனுப்பும்படி கேட்கிறாள்.

வரியில் பிழையில்லை.

ஆரோக்கியத்துக்குத் தமிழில் சொன்னேன். அவன் சொன்னது இது, நான் எழுதிய பொருள் இது என்று.

“ஓணானா? அண்ணி, அது முனியாயி சொல்றதுல்ல? புள்ள விழுந்து எந்திரிச்சா, பின்கட்டுல வச்சு என்னமோ கேள்வியும் பதிலுமாச் சொல்லுவாளே!”

“என்ன பதில்?”

“எனக்கென்ன தெரியும்? நீங்க வந்தாத்தான் வாயப் பொத்திக்குவாளே.”

முனியாயி அவனை ஆறு மாதக் குழந்தையிலிருந்து ஆறு வயதுவரை தூக்கி வளர்த்தவள். அவன் அவளைப் போலவே பேசத் தொடங்கினான். அதனால் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டேன். காரணத்தை அவள் முகத்துக்கு நேராகத்தான் சொன்னேன். அரிமளத்தில் மகள் வீட்டில் இருக்கிறாளாம்.

நான் எழுதியது தப்பாக இருக்குமோ?

8 மார்ச்

அரிமளம் போகவில்லை. வெயில்.

10 மார்ச்

இன்றும் போகவில்லை. காரணம் வெயில் இல்லை.

12 மார்ச், புதன்

காலை பஸ்ஸில் போய் வந்தேன்.

முனியாயி வாசலில் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். கண்ணில் பூ விழுந்திருக்கிறது. முகத்தைத் தூக்கி, “யாரு?” என்றாள்.

“நான்தான். புதுக்கோட்டையிலிருந்து.”

“அட, தொரைசானியம்மாவா! வழி தவறி வந்துட்டீங்களா? இங்கிட்டு இங்கிலீசு தெரிஞ்ச ஆளு ஒருத்தருமில்லயே!”

அவள் மகள் செவந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு ஒரு பலகையை எடுத்துப் போட்டாள். நான் உட்கார்ந்தேன். வழியெல்லாம் வாக்கியத்தைச் சரிசெய்துகொண்டு வந்திருந்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு.

“இன்னாசி செத்துப் போயிட்டான், முனியாயி.”

கடலைக்குள் இருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

“எங்கிட்டு?”

“சீமையில.”

“பக்கத்துல ஆரு இருந்தா?”

“பெண்டாட்டி.”

“அவளுக்கு நம்ம பேச்சு தெரியுமா?”

“தெரியாது.”

“அட பாவி மகனே...” என்று சொல்லி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். செவந்தி வந்து அவள் தோளைப் பிடித்தாள். பிறகு நான் கேட்டேன். “ஓணான் எங்க என்றால் என்ன?”

“வேலியில” என்றாள்.

யோசிக்கவே இல்லை. முந்தானைக்குள்ளிருந்து தானாக வந்தது. பிறகு என் கையைத் தேடிப் பிடித்து, கட்டைவிரலால் வட்டமாகத் தடவிக்கொண்டே முழுவதும் சொன்னாள்.

“ஓணான் எங்க? வேலியில. வேலி எங்க? ஆடு மேஞ்சிருச்சு. ஆடு எங்க? ஆத்தத் தாண்டிருச்சு. வலி எங்க? அதுங்கூடப் போயிருச்சு. அம்புட்டுத்தாம்மா. புள்ள கேக்கும், நாஞ் சொல்லுவேன். கடைசியில ஊதிவிடுவேன். அழுக நின்னுரும்.”

“அவன் முதல் கேள்வியையே கேட்டுக்கொண்டிருந்தானாம்.”

“பதிலு சொன்னாத்தானம்மா அடுத்தது கேக்கும்? சொல்லாட்டி விடாது. அதையேதான் கேட்டுக்கிட்டு நிக்கும்.”

பிறகு அவளே சொன்னாள். “ஒருக்க ஒங்ககிட்டயும் வந்து கேட்டுச்சே. முட்டியில ரத்தம். இங்கிலீசுல கேட்டாத்தான் திரும்பிப் பாப்பேன்னு உக்காந்திருந்தீங்க. கேட்டுக் கேட்டுப் பாத்துட்டு எங்கிட்ட ஓடியாந்துச்சு.”

“எனக்கு நினைவில்லை” என்றேன்.

“எனக்கு இருக்கு” என்றாள்.

13 மார்ச்

நெனவிருக்கு. பொய் சொன்னேன்.

தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தேன். வெள்ளைத் துணி. பக்கத்தில் வந்து நின்று கேட்டான் — நாலு தரமோ, அஞ்சு தரமோ. ரத்தம் துணியில் பட்டுவிடப் போகிறதே என்று துணியைத்தான் நகர்த்தினேன். தமிழில் பேசினால் எனக்குக் காது கேட்காது என்பது வீட்டில் சட்டம். அவன் நல்லதுக்குத்தானே? ஆங்கிலம் வந்தால்தானே பிழைப்பான் — பிழைத்தானா?

பொருளே தெரியாவிட்டால்தான் என்ன, வேலியிலன்னு வாய்க்கு வந்த ஒத்தை வார்த்தையைச் சொல்லியிருந்தா என்ன கொறஞ்சிருக்கும் எனக்கு? எங்க ஆத்தா எனக்கு இங்கிலீசுலயா தடவிக் குடுத்தா?

அழுதேன். சத்தமாகத்தான். ஆரோக்கியம் அதையும் தெருவில் சொல்லட்டும்.

15 மார்ச், சனி

டோரத்திக்கு எழுத வேண்டியதை முதலில் தமிழில் எழுதிப் பார்க்கிறேன். ஆங்கிலத்தில் நேராக எழுதினால் அழகாக எழுதிவிடுவேன்.

“அன்புள்ள டோரத்தி,

நான் உனக்கு எழுதிய பொருள் தவறு. அந்த வரியைக் கல்லில் வெட்ட வேண்டாம். இக்னேஷியஸ் தோட்டத்தைக் கேட்கவில்லை. என்னையும் கேட்கவில்லை. அவனுக்கு வலித்தது. அதைத்தான் சொன்னான்.

முனியாயி என்று ஒருத்தி அவனைச் சிறுவயதில் வளர்த்தாள். விழுந்தால் வலியைப் போக்க அவள் சொல்லிக்கொடுத்த விளையாட்டு அது. குழந்தை நான்கு கேள்விகள் கேட்கும். பெரியவர் நான்குக்கும் பதில் சொல்ல வேண்டும். முதல் பதில் ‘வேலியில்’ என்பது. அது வராமல் அவன் அடுத்ததற்குப் போக மாட்டான். அவன் உன் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தது அதற்காகத்தான். உனக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. எனக்குத் தெரிந்திருக்க வழி இருந்தது. நான் தெரிந்துகொள்ளவில்லை.

இரண்டாவது கேள்வியையும் இரண்டொரு தடவை கேட்டான் என்று எழுதியிருந்தாய். அப்படியானால், அந்த நேரத்தில் நீ ஏதோ செய்திருக்கிறாய். கையைப் பிடித்தாயோ, நெற்றியைத் தொட்டாயோ. அதைப் பதிலாக எடுத்துக்கொண்டிருக்கிறான்.

கடைசிக் கேள்வி ‘வலி எங்க’ என்பது. அதற்குப் பதில், ஆட்டோடு போய்விட்டது என்பது. அந்தக் கேள்வி எப்படி ஒலிக்கும் என்று ஆங்கில எழுத்தில் கீழே எழுதியிருக்கிறேன். வாய்விட்டுச் சொல்லிப் பார். அந்தப் பதினோரு நாளில் ஒரே ஒரு முறையாவது அந்தச் சத்தம் உன் காதில் விழுந்ததா? எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று விழுந்ததாக எழுதாதே. விழுந்ததா, இல்லையா என்று மட்டும் எனக்குப் பதில் எழுது.

அடைக்கலமேரி”