ரெண்டு எம் காரின் பின் சீட்டு

அன்புள்ள அப்பா,

நீங்கள் அம்மாவை அந்தக் காரில் ஒருநாளும் ஏற்றவில்லை. ரொறன்ரோவில் கலியாணம் கட்டிய எத்தனையோ தமிழ்ப் பெண்களை ஏற்றினீர்கள். வயதுக்கு வந்து சாமத்திய வீடு கொண்டாடிய பிள்ளைகளை ஏற்றினீர்கள். அறுபதாம் கலியாணத்துக்குப் போன ஒரு கிழவரை அவருடைய ஒக்சிசன் சிலிண்டரோடு ஏற்றினீர்கள். அம்மாவை ஏற்றவில்லை. இதில் விவாதிக்க ஒன்றுமில்லை. நடந்தது இதுதான்.

செத்துப்போன மனிதரோடு சண்டை பிடிக்கக் கூடாது என்பார்கள். உயிரோடு இருந்தபோதும் உங்களோடு சண்டைதான் பிடித்தேன். இப்போது திடீரென்று பணிவு காட்டினால் நீங்களே நம்பமாட்டீர்கள். உங்கள் ஆண்டுத் திவசம் முடிந்தது. போன சனிக்கிழமை அக்காவின் கலியாணமும் முடிந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் அந்தக் காரைத் தள்ளிவைத்துவிட்டு அந்தக் கலியாணத்தைச் சொல்ல முடியாது.

வாரநாட்களில் நீங்கள் பாண் பேக்கரியில் நின்றீர்கள். சனி ஞாயிறுகளில் குகன் அங்கிளின் கலியாணக் கார்க் கம்பனியில் சாரதியாக ஓடினீர்கள். அவர் ஏலத்தில் எடுத்த அந்த நீளமான ஜெர்மன் கார் வந்த நாளிலிருந்து உங்கள் முகமே மாறிவிட்டது. அதன் பெயர் அம்மாவின் வாயில் நுழையவில்லை. முன்மூக்கில் இரண்டு எம் எழுத்துகள் ஒன்றையொன்று ஊடறுத்து நின்றதால் எங்கள் வீட்டில் அது ‘ரெண்டு எம்’ ஆனது. ஒரு எம் அந்தக் குடும்பத்தின் பெயர், மற்றது மோட்டார் என்று நீங்கள்தான் விளக்கினீர்கள்.

“பிள்ளை, உது சும்மா கார் இல்லை. உந்த வீட்டு எஞ்சின் ஆகாயக் கப்பலைத் தூக்கினது” என்றீர்கள், ஏதோ நீங்களே கீழே நின்று கயிற்றைப் பிடித்தது போல.

நான் நம்பவில்லை. தேடிப் படித்தேன். உண்மைதான். முழுக் கப்பலையும் வானத்தில் தள்ளிக்கொண்டு போன எஞ்சின்களை ஒரு தகப்பனும் மகனும் செய்திருக்கிறார்கள். முதலாம் உலகப் போரில் ஜெர்மனி தோற்றது. இனி விமான எஞ்சின் செய்யக் கூடாது என்று வென்றவர்கள் தடை போட்டார்கள். வானத்தில் இடமில்லை என்றதும் அந்த மகன் தரைக்கு இறங்கிக் கார் செய்தார். அதையும் அரைவாசிதான் செய்தார். எஞ்சினையும் அடிச்சட்டத்தையும் அவர் கொடுப்பார். காரை வாங்குகிறவர் அதன் மேற்கூட்டைத் தனக்குப் பிடித்த கூடு கட்டுகிற பட்டறையில் தன் விருப்பப்படி கட்டுவிப்பார். அதனால் ஒன்றைப் போல இன்னொன்று இருந்ததில்லை.

எஞ்சின் செய்த அந்தத் தகப்பனுடைய கதை என்னை வாயடைக்க வைத்தது. அவர் பத்து வயதில் தாயும் தகப்பனும் இல்லாமல் போன பிள்ளை. தர்மத்தில் நடந்த இல்லமொன்றில் வளர்ந்து, அங்கேயே படம் கீறப் பழகி, உலகத்தின் முதல் கார்களில் சிலவற்றுக்கு உயிர் கொடுத்திருக்கிறார். அப்பா, யோசித்துப் பாருங்கள். போக்கிடமில்லாத ஒரு பிள்ளையின் பெயர் இது. இன்றைக்கு அந்தப் பெயரை எழுதிய கதவைத் திறக்க அரசனாகவோ எண்ணெய்க் கிணற்றுக்காரனாகவோ இருக்க வேண்டும். இதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. அதே நேரத்தில் மயிரும் கூச்செறிகிறது. இரண்டும் ஒன்றாக வரலாமா?

அடுத்த போரைப் பற்றி நீங்கள் சொல்லவில்லை. நான் சொன்னேன். குசினி மேசையில் நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள்.

“டாங்கிக்குள்ளை இருந்ததும் உந்த வீட்டு எஞ்சின்தான் அப்பா. அதை ஏன் மறைச்சனீங்கள்? டாங்கி எண்டா என்னெண்டு ஊரிலை சண்டையைப் பாத்த உங்களுக்குத் தெரியாதோ?”

பாணைக் கறியில் தோய்த்தபடி சொன்னீர்கள்: “தெரியாமலோ? தெரிஞ்சபடியால்தான் அதைக் கலியாண வீட்டுக்கு ஓடுறன்.”

“இது பதில் இல்லை.”

“அப்ப நல்ல பதிலா ஒண்டைக் கண்டுபிடி. யூனிவர்சிற்றிக்குப் போனது நீதானே.”

அம்மா சிரித்தார். நான் தட்டைத் தூக்கிக்கொண்டு எழும்பிப் போனேன். இன்றுவரை நல்ல பதில் கிடைக்கவில்லை.

அந்தப் போருக்குப் பிறகு அவர்கள் கார் செய்யவே இல்லை. பெயர் தூங்கிவிட்டது. அநேகமாக அறுபது வருடம் கழித்து, தகப்பன் ஒரு காலத்தில் விட்டு விலகிய கம்பனியின் வாரிசே அந்தப் பெயரைத் தட்டி எழுப்பியது. அப்போது பிறந்ததுதான் நீங்கள் ஓட்டிய கார். அதுவும் எதிர்பார்த்தபடி விலைபோகவில்லை. பத்து வருடத்தில் நிறுத்திவிட்டார்கள். இப்போது அந்தப் பெயர் அதே கம்பனியின் ஆகப் பெரிய கார்களின் உடம்பில் ஒட்டி வாழ்கிறது. இரண்டுதரம் செத்தும் சாகாத பெயர். நீங்கள் பேக்கரியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த நாளில் எனக்கு அந்தக் காரின்மேல் பொறாமை வந்தது. ஒரு பெயருக்குக் கிடைக்கிற இரண்டாவது தவணை ஒரு மனிதருக்கு ஏன் இல்லை?

சரி, கலியாணத்துக்கு வருகிறேன்.

ரெண்டு எம் வேண்டும் என்று அக்காதான் கேட்டாள். குகன் அங்கிள் உடனே ஓம் என்றார். அந்தக் காரில் நான்கு இருக்கைகள்தான். பின்னுக்கு இரண்டு. ஒன்றில் கலியாணப் பொம்பிளை, அக்கா. மற்றதில் யார்?

பிக்கரிங்கிலிருந்து உங்கள் தங்கச்சி, எங்கள் மாமி, விடியவே பட்டுச் சேலையோடு நாங்கள் இருக்கிற டோர்செட் பார்க்குக்கு வந்து இறங்கினார். எங்கள் கட்டடத்தின் லிப்ட் வழக்கம் போல வேலை செய்யவில்லை. படியேறி வந்த களைப்போடு அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: “மச்சாள், குறை நினையாதேங்கோ. பொம்பிளைக் காரிலை சுமங்கலியள்தான் ஏறவேணும். நான் பிள்ளையோடை வாறன். நீங்கள் தட்டுகள் ஏத்துற வான் வண்டிக்குள்ளை முன்னாலை போய், மண்டபத்துப் பக்கக் கதவாலை உள்ளிடுங்கோ.”

அம்மா தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பெற்று வளர்த்தவர், இரண்டு வேலை செய்து படிப்பித்தவர், பக்கக் கதவால் போக வேண்டுமாம். ஏனென்றால் நீங்கள் செத்துவிட்டீர்கள். நீங்கள் செத்தது அம்மாவின் குற்றமாம்.

“மாமி, நாளைக்கு மாமா போனா நீங்கள் எந்தக் கதவாலை போவீங்கள்?” என்று கேட்டேன்.

“வாயைப் பார் உவளின்ரை! தகப்பன்ரை வாய் அப்பிடியே கிடக்கு!”

“மாமி, ஸ்டொப்” என்றாள் அக்கா, தலையில் பூ வைத்தபடி. அவள் சத்தம் போடுகிற ஆள் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். “நான் அம்மாவோடைதான் போறன். அம்மா வானுக்குள்ளை எண்டா நானும் வானுக்குள்ளை. தட்ஸ் இற்.”

“சகுனம் பிள்ளை...”

“என்னைப் பெத்ததே அம்மாதானே மாமி. அதைவிட என்ன சகுனம்?”

மாமி என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் செய்யவில்லை. தேங்காய்த் தட்டை எடுத்து அவருடைய கையில் கொடுத்தேன், அவ்வளவுதான்.

கீழே இறங்கினால் முழுக் கட்டடமும் பல்கனிகளில் நிற்கிறது. அந்தக் கார் எங்கள் வளைவுப் பாதைக்குள் முழுதாக அடங்காமல் பின்பக்கத்தை வீதியில் விட்டுக்கொண்டு நின்றது. லிப்டில் அம்மாவுக்கு ஒருநாளும் ஒதுங்கி இடம் விடாத ஆட்கள் ஃபோனைத் தூக்கிக்கொண்டு விலகி நின்றார்கள். எனக்கு எரிந்தது. ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும், அப்பா: அது அழகு. வெயில் அந்தக் கறுப்பில் விழுந்து வழிந்து போனதைப் பார்த்தேன். மனிதக் கை இப்படியொன்றைச் செய்யுமா என்று இருந்தது.

குகன் அங்கிளே ஓட்ட வந்திருந்தார். “அக்கா, ஏறுங்கோ” என்று அம்மாவுக்குக் கதவைத் திறந்தார். அம்மா செருப்பைக் கழற்றப் போனார். நான் தடுத்தேன்.

முன்சீட்டில் நான் ஏறினேன். கதவு சாத்தியதும் ஊர் நின்றுவிட்டது. 401 நெடுஞ்சாலையில் பக்கத்தில் பார லொறி ஓடுகிறது, சத்தமில்லை. இவ்வளவு நாளும் நான் திட்டிய காசுக்காரர்கள் வாங்குவது தோலையும் மரத்தையும் என்று நினைத்திருந்தேன். இல்லை, அவர்கள் வாங்குவது இந்த அமைதியை. எங்கள் கட்டடத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். இப்படியொரு அமைதியைச் செய்ய முடிந்த மனிதர்கள் அதை ஏன் எல்லோருக்கும் செய்யவில்லை?

பின்னால் அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “குகன், மேலை என்ன மணிக்கூடுகள்?”

“ஒண்டு நேரம், ஒண்டு வெளியிலை எவ்வளவு குளிர் எண்டது. மற்றது வேகம் அக்கா. நாங்கள் என்ன வேகத்திலை ஓடுறம் எண்டு பின்னாலை இருக்கிற ஆள் பாக்கலாம்.”

“அப்ப இவரை எத்தினை பேர் மேலை பாத்துப் பாத்து வெருட்டியிருப்பாங்கள்?” என்றார், உங்களை நினைத்து.

குகன் அங்கிள் சிரித்தார். “அண்ணையை வெருட்ட ஏலுமோ? அவர் ஓடின ஓட்டத்துக்குச் சைக்கிள்காரனும் முந்தினான்.”

அக்கா சிரித்து, கண் மை கரையுமென்று நிறுத்தினாள். பிறகு அம்மா, ஒருவரிடமும் என்றில்லாமல், சொன்னார்: “இதிலை நான் இருந்திருந்தா அவரின்ரை பிடரியைத்தான் பாத்திருப்பன். எங்கடை பழைய காரிலை பக்கத்திலை இருந்தனான். அதுதான் இவர் ஏத்தேல்லையாக்கும்.”

நான் முன்னால் வீதியைப் பார்த்துக்கொண்டேயிருந்தேன். பின்னால் இருப்பவருக்காகவே கட்டிய கார் இது. வானக்கப்பல், டாங்கி, இரண்டு சாவு, எல்லாவற்றையும் படித்த எனக்கு இந்த ஒன்று விளங்காமல் போய்விட்டது. ஓட்டுகிறவரின் மனைவிக்கு அதில் சரியான இடமில்லை. ஆனால் அது அம்மாவின் விளக்கம், அப்பா. உங்களுடையது எது? கம்பனிக் காரென்ற பயமா? ‘நாளைக்குப் பாப்பம்’ என்ற உங்கள் பழக்கமா? அம்மா உங்களை மன்னித்துவிட்டார். நான் இன்னும் இல்லை.

அஜின்கோர்ட் மண்டபத்து வாசலில் அம்மாதான் முதலில் இறங்கினார். ஆலாத்தித் தட்டோடு நின்ற பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். நாதஸ்வரம் மட்டும் தன்பாட்டில் போனது. அக்கா அம்மாவின் கையை விடவில்லை. அந்த நேரத்தில், தட்டு வண்டியில் எங்களுக்கு முன்னரே வந்து சேர்ந்திருந்த மாமி, சனத்தை விலக்கிக்கொண்டு வந்தார். சேலையெல்லாம் தேங்காய்த் தும்பு.

“என்ன மரம் மாதிரி நிக்கிறியள்? திரி அணையப்போகுது, சுத்துங்கோ!”

சுற்றினார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்தே சுற்றினார்கள். அம்மா முன்வாசலால் போனார்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். என் கலியாணம் என்று ஒன்று நடந்தால் எந்தப் பெரிய காரும் வராது. உங்கள் பழைய யப்பான் காரை நானே ஓட்டிக்கொண்டு போவேன். அம்மா எனக்குப் பக்கத்தில் இருப்பார். மாமியும் வரலாம், வாயைத் திறக்காவிட்டால்.

கலியாணம் முடிந்து அக்கா மாப்பிள்ளையோடு போனபின் குகன் அங்கிள் எங்களைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார். மிச்சமான பலகாரப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு அவர் படியேறிப் போய்விட்டார். எஞ்சின் நின்றுவிட்டது. நான் முன்சீட்டில், அம்மா பின்னால். எனக்குப் பக்கத்தில் ஓட்டுகிறவரின் இருக்கை வெறுமையாகக் கிடந்தது. அம்மா இறங்கவில்லை. அந்த இருக்கையின் பின்புறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முன்னால் குனிந்து, நான் இருப்பதையே மறந்தவராக, உங்களைக் கூப்பிடுகிற அதே குரலில் சொன்னார்:

“இஞ்சாருங்கோ, ஒருக்காத் திரும்பிப் பாருங்கோ.”

உங்கள் இளைய மகள்,
மிதுலா